அஜீஸின் காலர் பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளைக்காரர் ஆட்சியைக் காட்டும் படம் என்றாலே சவுக்கடியும் துப்பாக்கிச் சூடும்தான் நம் நினைவுக்கு வரும். 1984-இல் டேவிட் லீன் எடுத்த ‘எ பேசேஜ் டு இந்தியா’ வேறு மாதிரி. இ.எம். ஃபார்ஸ்டரின் 1924-ஆம் வருடத்து நாவல்தான் மூலம். சந்திரபூர் என்ற கற்பனை ஊரில் டாக்டர் அஜீஸ், இரண்டு ஆங்கிலேயப் பெண்களை மராபார் குகைகளுக்கு அழைத்துப்போகிறார். அவர்களில் அடெலாவிடம் தவறாக நடந்துகொண்டதாகக் கைதாகிறார். கடைசியில் கோர்ட்டில் அடெலாவே புகாரைத் திரும்பப் பெற்றுவிடுகிறார்.

எல்லோரும் அந்த விசாரணையைச் சிலாகிப்பார்கள். எனக்கு நாவலில் வரும் ஒரு காலர் பொத்தான்தான் பெரிது. இந்தக் கதையை யார் எடுத்தாலும் நான் அதில்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் சட்டையில் காலர் தனி. முன்னால் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று எனப் பொத்தான் போட்டு மாட்ட வேண்டும். பின்பொத்தான் இல்லையென்றால் காலர் கழுத்தில் ஏறிக்கொள்ளும். கல்லூரி முதல்வர் ஃபீல்டிங் வீட்டுக்கு அஜீஸ் முதன்முதலாகப் போகிறார். குளித்துவிட்டு உடுத்திக்கொண்டிருக்கும் ஃபீல்டிங்குக்குப் பின்பொத்தான் உடைந்துபோகிறது. ‘பையில் ஒன்று இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, மறைவாக ஒதுங்கித் தன் காலரில் இருந்த தங்கப் பொத்தானையே கழற்றிக் கொடுக்கிறார் அஜீஸ். பையில் ஒன்றும் இல்லை, பாருங்கள்!

‘இந்தக் காலரை ஏன்தான் மாட்டிக்கொள்கிறோமோ’ என்று ஃபீல்டிங் அலுத்துக்கொள்கிறார். அஜீஸுக்குக் காரணம் தெரியும். கஞ்சி போட்ட காலரோடு சைக்கிளில் போனால் போலீஸ்காரர் கண்டுகொள்ள மாட்டார். துருக்கித் தொப்பியோடு போனால், விளக்கு எரியவில்லை என்று நிறுத்துவார்.

அப்புறம் வருகிறார் மாஜிஸ்திரேட் ரானி. அடெலா கப்பலேறி வந்ததே இவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பார்க்கத்தான். டை பின் முதல் எல்லாம் கச்சிதம், காலர் பொத்தானை மட்டும் மறந்துவிட்டார், இந்தியர்களே இப்படித்தான், எதிலும் அசட்டை என்று அஜீஸைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறார். அந்தப் பொத்தானோ ஒரு வெள்ளைக்காரர் கழுத்தில் இருக்கிறது! ஒன்று சொல்கிறேன், ரானி கொடியவர் அல்ல. நேர்மையானவர், உழைப்பாளி. ஆனால், ‘பொத்தான் எங்கே?’ என்று அஜீஸிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

கோர்ட்டிலும் இதே கதைதான். போலீஸ் அதிகாரி மக்பிரைட் எழுந்து, கறுத்த இனத்தாருக்குத்தான் வெள்ளை இனத்தார் மேல் ஈர்ப்பு வரும், அந்தப் பக்கமிருந்து வராது என்று ஏதோ விஞ்ஞான விதிபோலச் சொல்கிறார். அஜீஸ் என்ற தனி ஆளை அங்கேயும் யாரும் பார்க்கவில்லை.

சரி, நேரம் ஆகிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். படமெடுத்த இடம் பற்றி ஒரு வரி: குகைகளுக்காக பெங்களூருக்குப் பக்கத்தில் சாவனதுர்கா பாறைகளுக்குப் போனார்கள். இன்னொன்றை விரிவாகவே பேச நினைத்திருந்தேன். விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் எல்லாம் நடித்த படத்தில், பிராமணப் பேராசிரியர் காட்போலேயாக வருபவர் முகத்துக்குச் சாயம் பூசிய ஆங்கிலேயர் அலெக் கின்னஸ். இனத் திமிரைச் சாடும் படத்திலேயே இப்படி! லீன் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுதான். வணக்கம்.