உப்புக் காற்றில் ஏர் ரைஃபிள்: எந்த ஆக்சஸரிக்குக் காசு கொடுக்கலாம்?

வணக்கம் மக்களே, மண்டபத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் ஆடிக் காற்று. மைக்கில் பஞ்சு மாட்டியும் அடங்கவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக பீப் சைட் (சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கிற) ஏர் ரைஃபிள் வாங்கிய தம்பி ஒருவர், ஆன்லைனில் வாங்குவதற்காக எடுத்து வைத்திருக்கிற சாமான்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பைபாட் (இரண்டு கால் தாங்கி), லேசர், டெலஸ்கோப், ஸ்லிங் (கையில் மாட்டுகிற வார்), கொக்கி வைத்த பட் பிளேட் (தோளில் பதிகிற பின்தகடு), ஸ்பிரிட் லெவல் (சாய்வு காட்டுகிற குமிழி). "அண்ணே, இதில் எதை முதலில் வாங்கட்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் போகப்போவது 10 மீட்டர் போட்டிக்குத்தானே? அப்படியானால் இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ரேஞ்சில் அனுமதியே கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் என்றால் நின்றபடி, எதிலும் முட்டுக் கொடுக்காமல் சுட வேண்டும். அதனால் பைபாட் அவுட். டெலஸ்கோப்பும் லேசரும் கூடாது. ஸ்லிங் கூடாது. கொக்கி பட் பிளேட்டும் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் கொக்கியும் ஸ்லிங்கும் கேட்கிறார்கள். அது 50 மீட்டர், மூன்று நிலைப் போட்டி. மண்டியிட்டும் படுத்தும் சுடுகிற இடத்தில் ஸ்லிங்குக்கு வேலை இருக்கிறது. நமக்கு இல்லை.

இன்னொருவர், "அந்தத் துருக்கிக்காரர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கினாரே, உங்களுக்கு எதற்கு இத்தனை சாமான்?" என்று கேட்டிருந்தார். யூசுஃப் டிகெச் சுட்டது பிஸ்டல். ரைஃபிளுக்குப் போடுகிற விறைப்பான ஜாக்கெட் பிஸ்டலுக்குக் கிடையாது, அதன் விதிகளே வேறு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதோ டார்கெட், கேமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். நடுவில் இருக்கிற வெள்ளைப் புள்ளிதான் பத்து. அதன் குறுக்களவு 0.5 மி.மீ. பெல்லட்டின், அதாவது ஈயக் குண்டின், குறுக்களவு 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அதிகபட்சம் 10.9. நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். கண்ணுக்குக் கிட்ட இருக்கிற ரியர் சைட்டுக்கும் குழல் முனையில் இருக்கிற ஃப்ரன்ட் சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 0.1 மி.மீ. பிசகினால், 10 மீட்டரில் 1.25 மி.மீ. பிசகும். அரைப் புள்ளி போச்சு. ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமன்தான் அந்தப் பிசகு. போட்டியின் 60 குண்டுக்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே ஒரு சாமானைக் கையில் எடுத்தால் நான் கேட்பது இரண்டே கேள்விதான். இது ரைஃபிளை ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கொண்டு வந்து நிறுத்த உதவுமா? இந்த ஊர்க் காற்றில் அடுத்த ஆடி வரைக்கும் தாங்குமா? பளபளப்பும் பிராண்டும் அதற்கு அப்புறம்தான்.

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பட் பிளேட்டிலும், கன்னத்தைச் சாய்க்கிற சீக் பீஸிலும் இருக்கிறது. இரண்டும் ரைஃபிளோடு வந்தவையே போதும், புதிதாக வாங்க வேண்டாம். சீக் பீஸ் உயரம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள். கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். ரியர் சைட் ஓட்டைக்கு நடுவில் ஃப்ரன்ட் சைட் வட்டமாகத் தெரிகிறதா? தெரியாமல் கழுத்தை நீட்டியோ அழுத்தியோ சரிசெய்தீர்கள் என்றால், உயரம் தப்பு. அலன் கீயை எடுத்து ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். சரியான இடம் வந்ததும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். என் ரைஃபிளில் இதோ, வெள்ளைக் கோடு தெரிகிறதா? பயணத்தில் லூஸாகி நகர்ந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது சைட். புது ரியர் சைட் வாங்குகிறீர்களா, அதன் கிளிக் பொய் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். ரைஃபிளை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கிற வைஸில் கட்டிவிட்டு ஐந்து குண்டு போடுங்கள். அப்புறம் பத்து கிளிக் மேலே, பத்து வலது, பத்து கீழே, பத்து இடது. ஒவ்வொரு மூலையிலும் ஐந்து குண்டு. கடைசியில், முதலில் போட்ட ஐந்து குண்டின் குரூப்பின் மேலேயே வந்து விழ வேண்டும். விழவில்லை என்றால் உள்ளே ஸ்க்ரூவில் ஆட்டம் இருக்கிறது. கொஞ்சம்தான் ஆட்டம் என்றால், திருப்பும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தினால் சமாளிக்கலாம். நிறைய என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஐரிஸ், அதாவது ரியர் சைட் ஓட்டையைச் சுருக்கி விரிக்கிற சாமான், நல்ல செலவு. ஓட்டையைச் சுருக்கினால் டார்கெட் கூர்மையாகத் தெரியும், ஆனால் இருட்டாகும். தொடக்கத்தில் 1.1 முதல் 1.3 மி.மீ.க்குள் வைத்துப் பாருங்கள். ஃப்ரன்ட் சைட்டுக்குள் போடுகிற வளையமான ஃப்ரன்ட் ரிங்கை மட்டும் ரொம்பச் சின்னதாக எடுக்காதீர்கள். டார்கெட்டின் கறுப்பைச் சுற்றி வெள்ளை வளையம் தாராளமாகத் தெரிய வேண்டும். வளையம் நூலாக இருந்தால் எந்தப் பக்கம் வெள்ளை குறைகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். விரல் டிரிகரை மறந்துவிடும்.

ஸ்பிரிட் லெவல் பற்றித் தம்பி கேட்டதற்கும் கணக்கே பதில் சொல்லும். பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டருக்குள் சுமார் 17 மி.மீ. இறங்கும். ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் 0.3 மி.மீ. பக்கவாட்டில் போகும். தினமும் ஒரே மாதிரி சாய்த்தே பிடித்தால் அதுகூட இல்லை, சைட்டில் திருத்திக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் படுக்கைக் கோடு வைத்த ஃப்ரன்ட் ரிங் ஒன்று போதும், சாய்வு அதிலேயே தெரிந்துவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. உள்ளூர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய மண்டபத்தில்தான் நிலையம் வைத்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால் நம் அலன் ஸ்க்ரூ எம்மாத்திரம்?

உப்பின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். இங்கே ராத்திரியில் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ரைஃபிள் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிற உப்பு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீராக உட்கார்ந்திருக்கும். அதன் மேல் எண்ணெய் தடவினால், கருவாட்டுக்கு உப்புப் போட்டு மூடி வைத்த கதைதான். முதலில் உப்பை எடுக்க வேண்டும். துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, வெளியே இருக்கிற உலோகத்தைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. அதற்கப்புறம் துப்பாக்கி எண்ணெய், பூசியது தெரியாத அளவுக்கு. நனைக்கிற தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். நம் ஊர் போர் தண்ணீரே உப்பு, அதில் துடைத்தால் துடைக்காமலே இருந்திருக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் கெட்டுவிடும்.

துரு முதலில் வருகிற இடம் ஸ்க்ரூவின் தலை. இதைப் பாருங்கள், இடது பக்கம் கம்பெனி கொடுத்த கறுப்பு ஸ்க்ரூ, குழிக்குள் காவி படிந்திருக்கிறது. வலது பக்கம் 316 ஸ்டெயின்லெஸ், உப்பைத் தாங்குகிற ரகம். அப்படியே இருக்கிறது. விசைப்படகுக்குச் சாமான் விற்கிற கடையில் 316 என்று கேட்டு வாங்கினேன். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சாதாரண ரகமான 304-லும் காந்தம் ஒட்டாது. தெரிந்த கடையில் வாங்குவதுதான் வழி. ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மென்மையானது, ரொம்ப முறுக்கினால் மரை போய்விடும். அலுமினிய ஸ்டாக்கில் (ரைஃபிளின் உடல் பாகம்) போடும்போது மரையில் துளி கிரீஸ் வையுங்கள், இல்லையென்றால் இரண்டு உலோகமும் உப்போடு சேர்ந்து இறுகிவிடும். வெளி ஸ்க்ரூக்களை மட்டும் மாற்றுங்கள். டிரிகருக்குள்ளும் சைட்டுக்குள்ளும் கை வைக்காதீர்கள்.

பெட்டி விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஃபோம் வைத்த அழகான பெட்டி ஈரத்தையும் சேர்த்து அணைத்து வைத்திருக்கும். பயணத்துக்கு மட்டும் பெட்டி. வீட்டில், பூட்டக்கூடிய அலமாரியில் நிறுத்தி, உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டரும் வையுங்கள். மீட்டர் ஐம்பதை ஒட்டிக் காட்டினால் நிம்மதி. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் வெயிலில் காய வைத்துப் பயனில்லை, நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஏசி ரேஞ்சில் சுட்டுவிட்டு வெளியே வந்தவுடன் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் நம் காற்று பட்டால் முத்து முத்தாக வியர்த்துவிடும். பெட்டி வெளிச்சூட்டுக்கு வரும் வரை மூடியே இருக்கட்டும்.

அப்புறம் பம்பு. ரைஃபிளின் காற்று சிலிண்டருக்கு 200 பார் அழுத்தம் வேண்டும். கைப்பம்பில் அடித்தால் உள்ளே போவது இந்த ஈரக் காற்றுதான். அடித்து முடித்ததும் பிளீட் ஸ்க்ரூவைத் திறக்கிறேன், கவனியுங்கள். புஸ்ஸென்று காற்று போனதும் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பம்பிலேயே இவ்வளவு நின்றிருக்கிறது என்றால் சிலிண்டருக்குள் கொஞ்சமாவது போகாமல் இருக்குமா? ஈரம் உறிஞ்சுகிற ஃபில்டர் இல்லாத பம்பை இந்தக் கடற்கரையில் வாங்காதீர்கள். வசதி இருந்தால் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து நிரப்புவது இன்னும் நல்லது, முக்குளிப்பவர்களுக்கு நிரப்புகிற காற்று உலர்த்தி வடிகட்டியது. வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, வேண்டாம். அழுத்தமான ஆக்சிஜனும் கிரீஸும் சேர்ந்தால் வெடிக்கும், இதில் விளையாட்டே கூடாது.

பெல்லட்டை அதிகம் பேசப்போவதில்லை. ஜேஎஸ்பி, ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் எல்லாமே நன்றாகச் சுடும். உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்பது வைஸில் கட்டிச் சுட்டால்தான் தெரியும். ஐந்து குண்டு அதிர்ஷ்டத்தில் ஒன்றாக விழுந்துவிடும், பத்து குண்டாகப் போட்டு ஒப்பிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு சுடுங்கள், கச்சான் காற்று வீசுகிற நேரத்தில் திறந்த கொட்டகையில் சோதித்துவிட்டு பெல்லட்டைத் திட்டாதீர்கள். ஈயம், ஆகவே கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஜாக்கெட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. துணி ஒரு மடிப்புக்கு 2.5 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். கடையில் விறைப்பாக இருக்கிற கான்வாஸ் இந்த ஈரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும், லெதரில் பூசணம் பிடிக்கும். மடித்துப் பையில் வைக்காமல் அகலமான ஹேங்கரில், ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள்.

கொக்கு அடிக்க எந்த ஸ்கோப் நல்லது என்று கேட்டவருக்குப் பதில் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சார் இடங்களாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக) நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அந்த மாதிரிக் கேள்விகளை இங்கே கேட்காதீர்கள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் ரைஃபிள் பார்க்கிறவர்கள் முதலில் சிலிண்டரைக் கழற்றித் தேதியைப் படியுங்கள். பெரும்பாலும் பத்து வருஷம்தான் அதன் ஆயுள், அதைத் தாண்டினால் போட்டியிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தேதி அடித்த இடம் சுரண்டியிருந்தாலோ மேலே பெயின்ட் பூசியிருந்தாலோ, புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். விற்பவர் படியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தம்பி, உங்கள் பட்டியலை அழித்துவிட்டு ஐரிஸ், ஃபில்டர் வைத்த பம்பு, சிலிக்கா ஜெல் மூன்றை மட்டும் எழுதுங்கள். பட் பிளேட் கோணம் வைப்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன், நீங்கள் ரைஃபிளைத் தோளில் ஏற்றி நிற்கிற படம் பக்கவாட்டிலிருந்து ஒன்று அனுப்புங்கள், அதை வைத்தே பேசலாம்.