ஓடாத காருக்கும் சர்வீஸ் உண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மெர்சிடிஸ் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. அந்தக் கார்களை அவற்றுக்குரிய பராமரிப்பு அட்டவணைப்படி கவனித்துக்கொள்வது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இது வசதி படைத்த சிலருக்கு மட்டுமான பேச்சு என்று எண்ணி வானொலியை அணைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழெட்டு வருடம் ஓடிய சொகுசுக் கார் இன்று ஒரு புதிய சிறிய காரின் விலைக்கே கிடைக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களும், சிறு தொழில் செய்பவர்களும் ஆசையோடு அதை வாங்குகிறார்கள். வாங்கிய விலை இறங்கியிருக்கலாம்; ஆனால் அந்தக் காரின் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை என்பதை அவர்கள் முதல் பழுது வரும்போதுதான் அறிகிறார்கள். இப்படிப்பட்ட காரை ஓட்டிப் பிழைப்பவர்களும், பழுது பார்த்துப் பிழைப்பவர்களும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகவும்தான் இந்த உரை.

இந்தியாவில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைப் பாகம் பாகமாக ஒன்றுசேர்த்து விற்பது 1995ஆம் ஆண்டு புனேயில் தொடங்கியது. நம் செங்கல்பட்டுக்கு அருகில், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில், பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்தத் தொடக்ககாலக் கார்களில் சில இன்றும் நல்ல நிலையில் ஓடுவதை நான் பார்க்கிறேன். அதே ஆண்டுகளில் வந்த வேறு சில எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் சர்வீஸ் புத்தகத்தின் பக்கங்களில்தான் அது கிடைக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றில் எது முன்னதாக வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது அந்த வரி. மெர்சிடிஸ் கார்களுக்கு நம் நாட்டில் பொதுவாக 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இருக்கும். மக்கள் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், ஆண்டைப் பார்ப்பதில்லை. "வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இதற்கு எதற்கு சர்வீஸ்?" என்று கேட்காத வாரமே என் பட்டறையில் கிடையாது. இன்றைய உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்: காலமும் ஒரு கணக்கு. காரை நிறுத்தி வைத்தாலும் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

எஞ்சின் ஆயிலை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் காரில் எஞ்சின் முழுமையாகச் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி ஆயிலில் வந்து சேர்கிறது. எரியாத பெட்ரோலும் சிறிது சேர்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது உள்ளேயே தங்கி, அமிலமாகவும் கசடாகவும் மாறுகிறது. ஆகவே குறைவாக ஓடும் காரின் ஆயில்தான் பல வேளைகளில் அதிகம் கெட்டிருக்கிறது. ஆயில் வாங்கும்போது கம்பெனிப் பெயரைவிட அதன் தர எண்ணைப் பாருங்கள். மெர்சிடிஸ் என்றால் 229.5, பிஎம்டபிள்யூ என்றால் லாங்லைஃப் 04, ஆடி என்றால் 504 00 என்பதுபோல ஓர் எண், எஞ்சினுக்கு ஏற்றபடி, காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதே எண் ஆயில் டப்பாவின் பின்புறமும் இருக்க வேண்டும். இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் அது உங்கள் எஞ்சினுக்கு உரியதன்று.

இனி பிரேக் ஆயில். இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் அட்டவணையில் மிக மலிவானதும் மிக அதிகமாகத் தள்ளிப்போடப்படுவதும் இதுதான். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இங்கே கிலோமீட்டர்க் கணக்கே கிடையாது, காலக் கணக்கு மட்டும்தான். அதற்குக் காரணம் இந்தத் திரவத்தின் இயல்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய்களின் வழியாகவும், மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. டாட் 4 என்ற தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. அதாவது 75 டிகிரி பாதுகாப்பு, கார் கொட்டகையில் நிற்கும்போதே கரைந்துபோகிறது.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு மில் குடும்பத்தில் 1990களில் வாங்கிய மெர்சிடிஸ் ஈ 220 கார் ஒன்று இருந்தது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். பெரியவர் எப்போதாவதுதான் வெளியே கிளம்புவார். அந்தக் காரைக் கவனித்த ஓட்டுநர், முன்பு நீலகிரியிலிருந்து தேயிலை மூட்டை ஏற்றிய லாரியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவந்தவர். அவர் பானட்டின் உட்புறத்தில் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, பிரேக் ஆயில் மாற்றிய தேதியை அதில் பேனாவால் எழுதி வைத்திருப்பார். இரண்டு வருடம் ஆனதும் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஓடாத வண்டிக்கு ஏன் இந்தச் செலவு என்று பெரியவர் என் முன்னாலேயே ஒருமுறை கேட்டார். "வண்டி ஓடலீங்கய்யா, ஆனா ஆயிலுக்கு வயசு ஓடுதுங்க" என்று ஓட்டுநர் பணிவாகச் சொன்னார். பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் பணம் கொடுத்தார்.

அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு மெர்சிடிஸ். அதுவும் குறைவாகவே ஓடியது. ஆனால் அதன் பிரேக் ஆயிலை யாரும் தொட்டதில்லை. உரிமையாளர் ஒரு திருமணத்துக்காகக் கோத்தகிரி போய்விட்டு, குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாதை ஏறத்தாழ 33 கிலோமீட்டர்; இறக்கம் 1,400 மீட்டருக்கும் மேல். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், அது 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் தாங்கும். கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால், மீதமெல்லாம் நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் இறங்கும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது தானியங்கிக் கியர் உள்ள காருக்கும் பொருந்தும். அதற்காகத்தான் அந்தக் கார்களில் கியரைக் கையால் இறக்கும் வசதி இருக்கிறது.

அவர் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருக்கிறார். ஓர் இடத்தில் மிதி தளர்ந்தது. அடுத்த வளைவில் தரையைத் தொட்டது. உள்ளே திரவம் கொதித்து ஆவியாகிவிட்டால் நடப்பது இதுதான். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே நம் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேர்வதேயில்லை. நல்ல வேளையாக அவர் பதறாமல் கியரை இறக்கி, பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, மலைப்பக்கமாக வண்டியை உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் காயமில்லை. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி பிடிக்கிறது, ஏனென்றால் சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுகிறது. இந்த இடம்தான் மிகவும் அபாயமானது. பழுது தானே சரியாகிவிட்டது என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். மறுநாள் அவர் பட்டறைக்கு வந்து, "இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா ஒருமுறை பாருங்கள்" என்றார். டப்பாவைத் திறந்தபோது திரவம் காப்பி டிகாக்ஷனைப்போலக் கறுத்திருந்தது.

மாற்றுவதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு லிட்டர் திரவமும் ஒரு மணி நேர வேலையும்தான். மாற்றாமல் விட்டால், உயிர் தப்பினாலும், அந்த ஈரம், திடீர் பிரேக்கில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளை அரித்துவிடும். புதிய பெட்டி ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டக்கூடும். மறுபடியும் சொல்கிறேன்: பிரேக் ஆயிலுக்குக் காலக் கணக்கு மட்டும்தான்.

கியர் ஆயிலைப் பற்றிப் பெரும் குழப்பம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சில கார்களின் புத்தகத்திலேயே எழுதியிருப்பதால், உரிமையாளர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிஎம்டபிள்யூ உள்ளிட்ட பல கார்களுக்குத் தானியங்கி கியர்பெட்டி செய்துகொடுக்கும் இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றும்படி தானே பரிந்துரைக்கிறது. 1990களின் நடுவில் வந்த மெர்சிடிஸ் ஐந்து வேகத் தானியங்கி கியர்பெட்டிக்கும் முதலில் மாற்ற வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பின்னர் அந்த நிறுவனமே மாற்றுவதற்கான இடைவெளியை அறிவித்தது. காரை மூன்று நான்கு வருடத்தில் விற்றுவிடப் போகிறவருக்கு இது பொருட்டில்லாமல் இருக்கலாம். அவரிடமிருந்து வாங்கப் போகிறவருக்கு இதுவே முதன்மையான கேள்வி. பெட்டியைச் செய்தவர் சொல்வதையே நான் ஏற்கிறேன். மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்து மாற்றி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அளவு பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கார்களில் சர்வீஸ் நேரம் வந்ததும் ஓட்டுநருக்கு எதிரே எச்சரிக்கை தோன்றும். அதை அணைப்பது சில நிமிட வேலை. எதையும் மாற்றாமலேயே அணைத்துவிடலாம். பழைய கார் வாங்குபவர்கள் எச்சரிக்கை ஏதும் இல்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தத் தர எண் கொண்ட ஆயில் ஊற்றப்பட்டது என்று எழுதிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத சர்வீஸ் நடக்கவே இல்லை என்று எண்ணி, வாங்கியவுடன் எல்லாத் திரவங்களையும் மாற்றிவிட்டு, அன்றிலிருந்து உங்கள் அட்டவணையைத் தொடங்குங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், டயர், பேட்டரி, கூரையில் திறக்கும் கண்ணாடியான சன்ரூஃப் ஆகிய நான்கையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள்; அதிலுள்ள உப்பு ரேடியேட்டரில் படியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். தரையில் படும் பகுதியிலுள்ள பூ தேயாமல் இருந்தாலும் டயரின் வயதைப் பாருங்கள். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் புதிய பேட்டரி போட்டால் அதைக் காரின் கணினியில் பதிவு செய்யும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். இல்லையென்றால் பழைய பேட்டரி என்றே எண்ணி அதை சார்ஜ் செய்யும். வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்கள், மழைக்காலத்துக்கு முன் சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அவை அடைத்துக்கொண்டால் மழைநீர் கால்மிதியடியின் கீழுள்ள மின்னணுப் பெட்டிகளில் போய் இறங்கும். ஐப்பசி பிறப்பதற்குள் இந்த ஒரு வேலையையாவது முடித்துவிடுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.