தைவூம் பழம்

வணக்கம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் என் குரல் உங்களுக்குக் கேட்கிறதா என்று தெரியவில்லை. கேட்காவிட்டாலும் இதை மறுபடி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை, இப்படியே போட்டுவிடுவேன். இன்று செப்டம்பர் 8. பெங்களூரு சிவாஜிநகரில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற கோபுரம் மரியன்னை பேராலயம். 1882-இல் கட்டி முடித்தார்கள், 1973-இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. எங்கள் வாயில் அன்றும் இன்றும் மாதா கோயில்தான். மாதா பிறந்தநாள் திருவிழா இது. ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றி நவநாள் என்ற ஒன்பது நாள் செபம் நடத்துவார்கள், இன்று மாலை தேர். காவிச் சேலைக் கூட்டத்தைப் பாருங்கள், கேமராவைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

தேர் வர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் என் பள்ளிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன காணொளியில் நான் போகிற போக்கில் 'கான்வென்ட்' என்று சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கிறிஸ்தவரா என்று பலர் கேட்டீர்கள். இல்லை. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம்தான் எங்கள் வீடு. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஐந்து, ஆறு, ஏழு படித்தேன். கர்நாடகத்தில் எட்டாவது வந்துவிட்டால் உயர்நிலைப் பள்ளி, ஆகவே எங்களுக்கு நடுநிலை என்பது அந்த மூன்று வருடங்கள்தான். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் புரியும்.

என் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தால் காம்பஸுக்கு அடியில் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கும். அதற்கும் அடியில் ஓரம் மடிந்துபோன அந்தோணியார் படம். படம் என் தோழி கொடுத்தது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார் என்றாள். நான் மூன்று முறை தொலைத்த செட் ஸ்கொயர் இரண்டு முறை கிடைத்தது. மூன்றாம் முறை பொட்டலம் பிரிந்து, அந்தோணியார் முகமெல்லாம் திருநீறு. கோபித்துக்கொண்டாரோ என்னவோ.

வாரத்தில் இரண்டு நாள் எங்களைப் பிரிப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் நீதிபோதனைக்கு. அவர்கள் புத்தகத்தில் சிங்கக் குகை, கடல் பிளப்பது, மீன் வயிற்றில் மனிதன். எங்கள் புத்தகத்தில் உண்மை பேசு, நகம் வெட்டு. இதில் எது நல்ல கதை என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் நண்பகல் செபத்தில் பிரிவினை கிடையாது. பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மூவேளை செபம் என்பார்கள், காலை, நண்பகல், மாலை என்று சொல்வது. எங்களுக்கு வாய்த்தது நண்பகல் மட்டும். அதில் 'ஹெய்ல் மேரி' என்ற மாதா செபம் மூன்று முறை வரும். ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்றிருந்த எனக்கு அது ஓசையாகவே மனப்பாடம் ஆனது. 'ஃப்ரூட் ஆஃப் தை வூம்' என்று ஒரு வரி. ஃப்ரூட் என்றால் பழம், அது தெரியும். தைவூம்? ஏதோ ஊர் என்று முடிவு செய்துகொண்டேன். நாக்பூர் ஆரஞ்சு மாதிரி தைவூம் பழம். இதோ இந்தப் பக்கம் ரஸ்ஸல் மார்க்கெட், 1927-இல் கட்டியது. அம்மாவோடு வரும்போதெல்லாம் பழக்கடைகளில் அதைக் கண்ணால் தேடியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். சீத்தாப்பழம்தான் அது என்று ஒரு கட்டத்தில் நம்பவே ஆரம்பித்துவிட்டேன்.

1991, ஆறாம் வகுப்பு. அன்றும் செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தோழியும் அவளுடைய ஆயாவும் என்னை இங்கே அழைத்து வந்தார்கள். பள்ளி ஆயா இல்லை, பாட்டி. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். மாதாவுக்குச் சேலை கட்டியிருந்தார்கள். எங்கள் அம்மன் மாதிரியே. தமிழ்த் திருப்பலி, நிற்க இடமில்லை. ஆயா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே முணுமுணுத்தார்: "அருள் நிறைந்த மரியே வாழ்க…" சந்தம் எங்கோ கேட்டது போல் இருக்கிறதே என்று பக்கத்தில் ஒட்டி நின்று கேட்டேன். "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும்…"

வயிற்றின் கனி. தைவூம் ஊரே இல்லை! ஒரு வருடத்துக்கும் மேலாக, நாளைக்கு மூன்று முறை, ஒரு தாயிடம் அவள் பிள்ளையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பழக்கடையில் தேடியிருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். கன்னடத்துக்கும் அதே ஒரு ரூபாய்தான், அதில் பாரபட்சம் இல்லை. வகுப்புத் தலைவி நோட்டில் பெயர் எழுதுவாள். காசு, மறைபரப்புப் பணிக்காக அக்டோபரில் வரும் மிஷன் ஞாயிறு உண்டியலுக்குப் போகும். பள்ளியிலாவது ஒரு ரூபாயோடு போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, பஸ்ஸில் வாயைத் திறக்காதே என்று அப்பா சொல்லி அனுப்பினார். அல்சூர் ஏரிக்கரையில் வைத்த வள்ளுவர் சிலையும் அந்த ஆண்டு மூடியதுதான், 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். வள்ளுவருக்குப் பதினெட்டு வருட மௌனம். அதைத் தனியாக ஒரு நாள் பேசுகிறேன்.

திருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை. பன்னிரண்டு மணி. எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்ல, நான் ஆயா சொன்னதை மெதுவாகச் சொன்னேன். வேண்டுமென்றே இல்லை, அர்த்தம் தெரிந்த பிறகு பழைய ஓசை வாயில் வர மறுத்தது. முன்வரிசைத் தலைவி திரும்பிப் பார்த்தாள். செபம் முடிந்து சிலுவை போட்ட கையோடு நோட்டை எடுத்து என் பெயரை எழுதினாள். மாதாவைத் தமிழில் கும்பிட்டதற்கு ஒரு ரூபாய். மிஸ்ஸிடம் முறையிட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விதி விதிதான் என்றுவிட்டார்.

சாயங்காலம் தோழி வீட்டில் போய் அழுதேன். ஆயா எதுவும் பேசவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒன்றுதானே ஆயா?"

"இன்னொன்று நாளைக்கு."

மணி அடிக்கிறார்கள், தேர் கிளம்பிவிட்டது. கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்.