ரிம்ஃபயர் துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் விசையை இழுக்கலாமா?

அடுத்த கேள்வி. “என்னிடம் .22 ரைஃபிள் இருக்கிறது. தோட்டா போடாமல் விசையை இழுத்துப் பழகினால் துப்பாக்கி பாழாகிவிடும் என்கிறார்கள். வேறு சிலர், அதெல்லாம் பழைய கதை, தாராளமாகப் பழகு என்கிறார்கள். யார் சொல்வது சரி?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவரவர் கையில் இருந்த துப்பாக்கியை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். உங்கள் துப்பாக்கி எந்தப் பக்கம் என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். சென்டர்ஃபயர் தோட்டாவில் பிரைமர், அதாவது பற்றவைக்கும் மருந்துள்ள சிறு மூடி, அடிப்பாகத்தின் நடுவில் இருக்கிறது. சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலியாக இருக்கும்போது ஃபயரிங் பின் (விசையை இழுத்ததும் தோட்டாவை அடிக்கும் ஊசி) முன்னால் பாய்ந்தாலும் அதன் எதிரே வெற்றிடம்தான், முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் .22 போன்ற ரிம்ஃபயர் அப்படி இல்லை. தோட்டாவின் அடியில் துருத்திக்கொண்டிருக்கிறதே ஒரு விளிம்பு, அதற்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை ஒரு பக்கம் நசுக்குகிறது. மறுபக்கம் அதைத் தாங்கிப் பிடிப்பது சேம்பர் வாயின் ஓரம். தோட்டாவை எடுத்துவிட்டால், பின்னுக்கு நேர் எதிரே நிற்பது குழலின் எஃகு.

அந்த விளிம்பின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதை நசுக்கும் அளவுக்கு ஃபயரிங் பின் முன்னால் வர வேண்டும், ஆனால் எஃகைத் தொடும் முன் நின்றுவிட வேண்டும். வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். பின்னைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு சரியாக இருந்தால் ஆயிரம் முறை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. அது இல்லாத பழைய மாடல்களிலும், தேய்ந்துபோன துப்பாக்கிகளிலும், ஒவ்வொரு இழுப்பும் பட்டறைக்கல்லில் விழும் சுத்தியல் அடிதான்.

ஓரிரு அடியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தொடர்ந்து விழ விழ, சேம்பர் வாயின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டாகும். பள்ளத்திலிருந்து ஒதுங்கிய உலோகம் எங்கே போகும்? சேம்பருக்குள் பிசிராகத் துருத்தி நிற்கும். அப்போது தோட்டா உள்ளே போக அடம்பிடிக்கும், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வர மறுக்கும். பள்ளம் விழுந்த இடத்தில் விளிம்புக்குத் தாங்கல் இல்லாததால் தோட்டா வெடிக்காமலும் போகலாம். பின்னின் நுனியும் மழுங்கும், சில சமயம் உடையும். ரிவால்வர் என்றால் இந்தச் சேதம் ஒவ்வொரு தோட்டா அறைக்கும் வரும்.

மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம், 1964-இல் வந்த ரூகர் 10/22 என்ற .22 ரைஃபிள். கடைசித் தோட்டா தீர்ந்ததும் அதன் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) தானாகத் திறந்து நிற்காது. ஆகவே சுடுபவர் எண்ணிக்கை தவறி வெறும் சேம்பரில் விசையை இழுப்பது சாதாரணம். அதை உருவாக்கியவர்கள் இதைத் தாங்கும்படிதான் செய்தார்கள். டிரை ஃபயர் செய்யலாம், அதாவது தோட்டா இல்லாமல் விசையை இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதே நிறுவனத்தின் மார்க் வரிசைக் கைத்துப்பாக்கிகளில் போல்ட்டின் குறுக்கே ஒரு சிறு ஊசி உண்டு. பின்னை நிறுத்துவது அதுதான். முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு அதை மாட்ட மறந்தால், பின் நேராகச் சேம்பர் ஓரத்தில் போய் அடிக்கும். அவ்வளவு சின்ன உருப்படியை நம்பித்தான் எல்லாம் இருக்கிறது. போட்டிக்கென்று செய்யப்படும் சில .22 துப்பாக்கிகளில் பின் பாயாமலே விசையைப் பழகுவதற்குத் தனி அமைப்பு இருக்கிறது.

எனவே, முதலில் உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். அதில் கூடாது என்றிருந்தால் வாதமே வேண்டாம். கையேடு இல்லையென்றால் போல்ட்டைக் கழற்றிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் சேம்பர் வாயைப் பாருங்கள். பின் வந்து விழும் இடத்தில் மட்டும் பளபளப்பான ஒரு கீறலோ குழியோ தெரிகிறதா? ஒரு பல்குத்தும் குச்சியை உள்பக்க ஓரத்தில் சுற்றி இழுங்கள். பிசிர் இருந்தால் அங்கே தட்டும். தட்டினால் அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அந்தப் பிசிரை இருந்த இடத்துக்கே அழுத்தித் தள்ளும் கருவி இருக்கும். அரத்தால் ராவினால் போன உலோகம் திரும்பாது.

சந்தேகம் இருக்கும்வரை சேம்பரில் எதையாவது வைத்துப் பழகுங்கள். சுட்ட கூடு போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி வையுங்கள். அடிபட்ட இடத்திலேயே பின் மறுபடி விழுந்தால் கூடு இருந்தும் பயன் இல்லை. பிளாஸ்டிக் போலித் தோட்டாக்கள் மலிவு, நைந்ததும் தூக்கி எறியலாம். அலுமினியத்தில் வருபவற்றில் சில, தோட்டா ஏறி இறங்குவதைச் சோதிக்க மட்டுமே. உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

துப்பாக்கியை உள்ளே வைக்கும் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும் என்பதற்காக மட்டும் விசையை இழுப்பவர்களும் உண்டு. பல போல்ட் ரைஃபிள்களில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போல்ட்டை மூடினால் பின் அடிக்காமல் மெதுவாக இறங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பழகும் முன் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றுங்கள், சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். உண்மையான தோட்டா ஒன்றுகூட நீங்கள் உட்கார்ந்து பழகும் அறையில் இருக்கக் கூடாது. போலித் தோட்டா பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள்.