16-வது டேக்கில்தான் ஓகே ஆனது! கட்டே இல்லாத படங்கள் நல்ல படங்கள்தானா?

[திரையில்: இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளியே தெரு]

இந்த ஷாட்டைக் கண் எடுக்காமல் பாருங்கள். தெருவில் ஆள் உயரத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் கேமரா அப்படியே மேலே கிளம்புகிறது, கூரைகளைத் தாண்டுகிறது, ஊரின் இன்னொரு பக்கத்தில் கீழே இறங்குகிறது, இறங்கிய கையோடு பூங்கொத்துடன் வந்து நிற்கும் ஒரு அப்பாவின் முகத்துக்குக் கிட்டே போய்விடுகிறது. நடுவில் ஒரு கட் கூட இல்லை. ட்ரோன்தானே என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த ட்ரோன் ஒரு மனிதர் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போய் நிற்கும்? காற்றில் அவர் கையில் இருக்கும் பூ எல்லாம் பறந்துவிடாதா? சரி, ட்ரோன் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியென்றால் அதற்கு முன்னால் முக்கால் மணி நேரமாக வகுப்பறைக்குள்ளும் மாடிப்படியிலும் சுற்றிக்கொண்டிருந்தது எது?

வணக்கம் மக்களே. சமீபத்தில் பார்த்த படங்கள், சீரிஸ் பற்றிப் பேசச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வரிசையாகப் பத்துப் படத்துக்கு மார்க் போடுவதற்குப் பதிலாக, ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று நினைத்தேன். கட் இல்லாமல், அதாவது நடுவில் வெட்டி ஒட்டாமல் ஒரே ஷாட்டாக எடுப்பது. எல்லோரும் வாயைப் பிளக்கிறோமே, அதில் உண்மையில் என்ன இருக்கிறது?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது அடோலசென்ஸ் என்கிற சீரிஸ், 2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வந்தது, நாலே எபிசோட், ஒவ்வொன்றும் ஒரே ஷாட். 13 வயதுப் பையன் ஜேமி, கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாகக் கைதாகிறான். எழுதியது ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும், கிரஹாமே அப்பாவாகவும் நடிக்கிறார், இயக்கம் பிலிப் பாரன்டினி. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எமி விருதுகளை அள்ளினார்கள், ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர் 15 வயதில், நடிப்புக்காக எமி வாங்கிய ஆண்களிலேயே மிக இளையவர் ஆனார். கொலை செய்தது யார் என்பது முதல் எபிசோட் முடிவதற்குள் தெரிந்துவிடும், அதனால் ஸ்பாய்லர் என்று யாரும் கமெண்டில் கத்த வேண்டாம்.

[திரையில்: பழைய பிலிம் கேமரா]

இது புது ஆசை ஒன்றும் இல்லை. 1948-லேயே இயக்குநர் ஹிட்ச்காக் ரோப் படத்தில் இதை முயன்றார், ஆனால் அன்றைய கேமராவில் ஒரு தடவை பிலிம் போட்டால் பத்து நிமிஷம்தான் ஓடும், அதனால் சில இடங்களில் ஒருவர் கோட்டின் முதுகுக்குக் கிட்டே கேமராவைக் கொண்டுபோய், திரை இருட்டானதும் ரீல் மாற்றிக்கொண்டார்கள். கேமரா வழியில் வரும் சுவர்களை எல்லாம் சத்தமில்லாமல் உருட்டித் தள்ளுகிற மாதிரி செட் போட்டிருந்தார்கள், நடிகர் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வீட்டுச் சுவர் நகர்ந்து போகும்! டிஜிட்டல் வந்த பிறகுதான் நிஜமாகவே முழுப் படத்தையும் ஒரே மூச்சில் எடுக்க முடிந்தது. ரஷ்யன் ஆர்க் என்கிற படம், 2001 டிசம்பரில் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஒரே நாளில் எடுத்தது, 33 அறைகள், ஆயிரக்கணக்கில் நடிகர்கள், மூன்று முயற்சி பாதியில் நின்று நாலாவது முயற்சியில் கிடைத்தது. பேர்ட்மேன், ‘1917’ எல்லாம் பல ஷாட்டுகளை ஒட்டு தெரியாதபடி சேர்த்த படங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை, தையல் தெரியவில்லை என்றால் சட்டை நல்ல சட்டைதான்.

சரி, இப்போது ட்ரோனுக்கு வருவோம், எனக்கு இதைச் சொல்லத்தான் கை துறுதுறுக்கிறது.

சீரிஸ் முழுக்க ஓடியது ரோனின் 4டி என்கிற சின்ன கேமரா. ஆடாமல் பிடிக்கிற கருவி அதிலேயே சேர்ந்து வருவதால் ஒருவர் கையில் வைத்துக்கொண்டே ஓடலாம், காருக்குள் நீட்டலாம், இன்னொருவரிடம் கொடுக்கலாம். ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸும் இன்னொரு ஆபரேட்டரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் கைக்குப் போகும், அப்போது படத்தில் ஒரு குலுக்கல் கூடத் தெரியக்கூடாது. திருவிழாவில் சாமியைத் தூக்கிவருபவர்கள் நடந்துகொண்டே தோள் மாற்றுவார்களே, மேலே இருக்கிற குடை கூட அசையாது, அப்படித்தான். அதே கேமராவை இரண்டாம் எபிசோட் கடைசியில் ஆட்கள் கொண்டுபோய் ட்ரோனில் மாட்டிவிடுகிறார்கள். அது பறந்து அந்தப் பக்கம் போய் இறங்கும்போது அங்கே தயாராக நிற்கிற ஆட்கள் பிடித்து, கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு கிரஹாம் முகத்தை நோக்கி நடக்கிறார்கள். இவ்வளவும் நடக்கும்போது பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது! முதலில் மேலே பறப்பதோடு எபிசோடை முடிப்பதாகத்தான் திட்டமாம், கீழே இறக்கி அப்பாவைக் காட்டலாம் என்பது பிறகு வந்த யோசனை. காற்று பலமாக அடித்தால் ட்ரோன் பறக்காது. ஐம்பது நிமிஷம் நூற்றுக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒழுங்காக எடுத்து முடித்து, கடைசி நிமிஷத்தில் காற்று வந்து கெடுத்தால் அந்த டைரக்டரின் முகம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அதே எபிசோடில் ஒரு பையன் வகுப்பறை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவான், கேமராவும் பின்னாலேயே ஜன்னலைத் தாண்டிப் போகும். அந்த ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, பிறகு கம்ப்யூட்டரில் போட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மூன்று தடவை ரீவைண்ட் செய்தும் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எபிசோடுக்கு மூன்று வாரம். முதல் வாரம் நடிகர்களுக்கு ஒத்திகை, இரண்டாம் வாரம் கேமரா, லைட், சவுண்டு எல்லாம் சேர்த்து ஒத்திகை, மூன்றாம் வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்கு இரண்டு டேக். இந்தக் கணக்கில் பத்து டேக்கில் முடிந்திருக்க வேண்டும். நாம் பார்க்கிறது முதல் எபிசோடில் 2-வது டேக், இரண்டாவதில் 13, மூன்றாவதில் 11, நாலாவதில் 16.

[திரையில்: 2, 13, 11, 16]

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குண்டைப் போடுகிறேன். வித்தை அதிகமாக இருக்கிற இந்த இரண்டாம் எபிசோட்தான் நாலிலேயே எனக்குச் சுமார். போலீஸ்காரர் இந்த வகுப்பிலிருந்து அந்த வகுப்புக்கு நடக்கிறார், அந்த வகுப்பிலிருந்து அடுத்த தாழ்வாரத்துக்கு நடக்கிறார், நடுவில் யாராவது ஒருவர் பள்ளிக்கூடம் எப்படிக் கெட்டுப்போனது என்று நமக்காகவே வசனம் பேசுகிறார். கட் போட்டு எடுத்திருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான் எந்தச் சிங்கிள் ஷாட்டைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அதுதான்: நடுவில் கட் போட்டிருந்தால் என்ன போயிருக்கும்?

முதல் எபிசோடில் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது, பையனை எழுப்பி வேனில் ஏற்றுகிறார்கள். மற்ற எந்த சீரிஸாக இருந்தாலும் வேன் கதவு மூடியதும் அடுத்த ஷாட் ஸ்டேஷன்தான். இங்கே நீங்களும் வேனில் ஏறி உட்கார வேண்டும். அந்தப் பயணம் நிஜமாக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அழுகிற பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஸ்டேஷன் செட்டை வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதற்குக் காரணமே இந்தப் பயணத்தை நிஜமாக ஓட்டிக் காட்டத்தான். அங்கே போனதும் பையனின் உடைகளைக் களைந்து சோதிக்கிறார்கள், கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, கூட நிற்கிற அப்பாவின் முகத்திலேயே நிற்கிறது. கிரஹாம் பேசவே இல்லை. ஒரு அப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார், அவ்வளவுதான், எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் எபிசோட் இன்னும் ஒரு படி மேலே. ஒரு அறை, ஒரு மேஜை, எதிரும் புதிருமாக ஜேமியும் மனநல நிபுணராக வரும் எரின் டோஹெர்ட்டியும். ஹாட் சாக்லேட் கொண்டுவருகிறார், அதில் மார்ஷ்மெல்லோ மிதக்கிறது, தன்னுடைய சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறார். பிடிக்காது என்கிறான், அப்புறம் ஒரு கடி கடித்துவிட்டு அவரையே பார்க்கிறான். குழந்தை மாதிரி சிரிக்கிற பையன் ஒரு நொடியில் எழுந்து நின்று கத்தும்போது, கட் இருக்கிற படமாக இருந்தால் உங்களுக்குத் தப்பிக்க வழி உண்டு, வேறு ஒரு கோணம் வரும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். இங்கே கிடையாது. அவர் வெளியே போய்த் தன்னைச் சமாளித்துக்கொள்ளும்போதுதான் நமக்கும் மூச்சு வருகிறது, பிறகு அவரோடு சேர்ந்து நாமும் அதே அறைக்குள் திரும்பிப் போக வேண்டும், போக மனசே வராது. கடைசியில் பையனை இழுத்துக்கொண்டு போன பிறகு, அவன் கடித்து வைத்த சாண்ட்விச்சை எடுக்க அவர் கை போகிறது, போன வேகத்தில் திரும்பி வந்துவிடுகிறது. எந்த ட்ரோனும் எனக்கு இந்த அளவுக்குச் செய்யவில்லை.

ஒரு தகவல். இதுதான் முதலில் எடுத்த எபிசோட், அதாவது ஓவன் கூப்பர் என்கிற பையன் வாழ்க்கையில் முதல் முதலாகக் கேமரா முன் நடித்தது இந்த மூன்றாம் எபிசோடில்தான். ஒரு இடத்தில் அவன் கொட்டாவி விடுவான், டோஹெர்ட்டி சட்டென்று, நான் உனக்கு போரடிக்கிறேனா என்று கேட்பார். அது நிஜமாகவே வந்த கொட்டாவி, கேள்வியும் அந்த நொடியில் வந்தது. நாம் கொட்டாவி விட்டால் எடிட்டர் வெட்டித் தூக்கிவிடுகிறார், அந்தப் பையன் விட்டதற்கு எமி.

[திரையில்: சூரியன் மறையும் மலைப்பக்க வீடு]

இவ்வளவு அழுத்தத்துக்கு அப்புறம் சிரிக்க வேண்டுமென்றால், அதே 2025-ல் ஆப்பிள் டிவியில் வந்த தி ஸ்டூடியோ, அதில் இரண்டாம் எபிசோடை மட்டுமாவது பாருங்கள். சாரா பாலி என்கிற நிஜ இயக்குநர் தன்னுடைய பெயரிலேயே வந்து, சூரியன் மறைவதற்குள் ஒரு நீளமான சிங்கிள் ஷாட் எடுத்துவிட வேண்டும் என்று தவிக்கிறார். ஸ்டூடியோ தலைவராக வரும் சேத் ரோகன், வேடிக்கை பார்க்கிறேன் என்று வந்து நின்று, உதவி செய்கிறேன் என்று வாய் கொடுத்து, ஒவ்வொரு டேக்கையும் நாசம் செய்கிறார். இந்த எபிசோடே சிங்கிள் ஷாட்டில்தான் போகிறது என்பதுதான் குறும்பு. நம்ம ஊர் ஷூட்டிங்கில் தயாரிப்பாளரின் மச்சான் வந்து மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். தமிழில் சிங்கிள் ஷாட் என்றால் பார்த்திபனின் இரவின் நிழல், 2022. கமெண்டில் அடி விழும் என்று தெரியும், ஆனாலும் பேசிவிடுகிறேன். அந்த உழைப்புக்குக் கைகூப்ப வேண்டும். திறந்தவெளியில் வரிசையாக செட் போட்டு, ஐம்பது வயது மனிதர் ஒருவரின் வாழ்க்கையை முன்னும் பின்னுமாகச் சொல்கிறார்கள். கேமரா ஒரு செட்டிலிருந்து அடுத்த செட்டுக்குள் நுழைந்தால் வருஷம் மாறிவிடும், அதே ஆளாக இன்னொரு நடிகர் நிற்பார். 22 டேக் தோற்று 23-வதில் கிடைத்தது. உலகின் முதல் நான்-லீனியர், அதாவது காலவரிசைப்படி போகாத, சிங்கிள் ஷாட் படம் என்று விளம்பரம் செய்தார்கள், அதில் எனக்கு ஒப்புதல் இல்லை, 2013-லேயே ஈரானில் பிஷ் அண்ட் கேட் என்று ஒரு படம் ஒரே ஷாட்டுக்குள் காலத்தைச் சுழற்றி விளையாடியது. ஆனால் என் வருத்தம் அதைப் பற்றி இல்லை. தியேட்டரில் முதல் அரை மணி நேரம் படம் எப்படி எடுத்தார்கள் என்று காட்டிவிட்டு, அப்புறம்தான் படத்தையே போட்டார்கள். எந்த டேக்கில் யார் வழுக்கினார், எங்கே லைட் அணைந்தது எல்லாம் தெரிந்த பிறகு, கதாநாயகன் அழும்போது என் கண் அவர் மேல் இல்லை, கேமரா அடுத்த செட்டுக்குள் எந்தப் பக்கமாக நுழையப் போகிறது என்று வழி தேடிக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்தை கடைசியில் வைத்திருந்தால் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள், நானும்தான்.

இன்னொன்று, அடோலசென்ஸ் கூட்டணி இதை முன்பே 2021-ல் வந்த பாய்லிங் பாயிண்ட் படத்தில் செய்து பார்த்திருக்கிறது, கிரஹாம் அதில் ஹோட்டல் சமையல்காரர், பாருங்கள், பசியோடு பார்க்காதீர்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் என் சிபாரிசு விக்டோரியா, 2015, செபாஸ்டியன் ஷிப்பர் இயக்கிய ஜெர்மன் படம். 138 நிமிஷம், பெர்லின் தெருக்களில் விடியற்காலையில் எடுத்தது, மூன்றாவது டேக். திரைக்கதையே 12 பக்கம்தான், மீதியெல்லாம் நடிகர்கள் அந்த நேரத்தில் பேசியது. முதல் அரை மணி நேரம் இழுவையாகத்தான் இருக்கும், நாலு பையன்களும் ஒரு பெண்ணும் சும்மா அரட்டை அடிப்பார்கள், போனை எடுத்துவிடாதீர்கள். பிறகு அந்தக் கூட்டம் பேங்கைக் கொள்ளையடிக்கப் போகும், விக்டோரியாதான் காரோட்டி. கட் இல்லாத படம், கேமரா அவளோடுதான் இருக்கும், அதனால் கொள்ளையையே உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். வெளியே காரில் அவளோடு உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து கார் எஞ்சின் நின்றுவிடும், அவள் சாவியைத் திருகுவாள், ஸ்டார்ட் ஆகாது. பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பேங்கின் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டீர்களா, இல்லை அந்தக் கார் கிளம்பினால் போதும் என்று இருந்ததா?