பாட்டி எந்தக் காரில் ஏறுவார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணியில் பேசியவர் மோரிஸ் மைனர் என்ற அந்தக் காலத்து பிரிட்டிஷ் காரைப் பற்றி உருகி உருகிச் சொன்னார். அந்த வளைவும் வட்ட விளக்கும் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்றைய தலைப்பு குடும்பத்துக்கு ஏற்றது பழைய செடானா, புதிய மினிவேனா என்பது. நான் மினிவேன் பக்கம். அழகுப் போட்டி இல்லை.

"அந்தக் காலத்து இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்றார். இதை மட்டும் என்னால் விட முடியாது, ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைக்கிறார்கள். 2009-இல் அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்புக் கழகம், 1959-ஆம் வருட செவ்ரலே பெல் ஏர் செடானையும் 2009 செவ்ரலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது. பழைய காரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது, உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் ஓட்டுநருக்குப் பதிலாக வைத்த சோதனைப் பொம்மைக்குக் காலில் சிறு அடி, அவ்வளவுதான். புது வண்டியின் முன்பகுதி தானே மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, காற்றுப்பை விரிகிறது, உட்காரும் கூடு அப்படியே நிற்கிறது. கனமான இரும்பு மட்டும் இருந்து என்ன பயன், அடி கடைசியில் உடம்பில்தானே இறங்குகிறது!

அப்புறம் நம்ம ஊர், சிங்கப்பூர் விஷயம். 35 வயது தாண்டிய காரை கிளாசிக் திட்டத்தில் பதிந்தால் வரி குறைவு, சரி, ஆனால் வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மற்ற நாள் பள்ளிக்கூடம், டியூஷன், பாலிகிளினிக், தேக்கா சந்தை? தினமும் ஓட்ட வேண்டுமென்றால் சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ், அதற்கு முழுசாகக் கட்ட வேண்டும், சாலை வரிக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம், வருடா வருடம் பரிசோதனை வேறு.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி கார்பார்க்கில் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும்போது கதவைப் பாதிதான் திறக்க முடியும். முட்டி வலிக்கிற பாட்டி அந்த இடுக்கில் எப்படி நுழைவார்? டொயோட்டா சியன்டா மாதிரி மூன்று வரிசை இருக்கை உள்ள மினிவேனில் கதவு பக்கவாட்டில் நகர்ந்துவிடும், தரையும் தாழ்வு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை கட்டாயம். இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிய பிறகு மோரிஸின் பின்சீட்டில் யாருக்கு இடம்? ஏசியும் கிடையாது, நம் மதிய வெயிலில்!

மூன்றாவது வரிசையை விரித்தால் சாமான் வைக்க இடம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும்போது அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா, பாட்டி எல்லாரும் ஒரே வண்டியில் போகலாம். அது எனக்குப் பெரிய விஷயம்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே கேள்வி: மீதி 320 நாளும் அந்தப் பாட்டியை எதில் ஏற்றப் போகிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அழகைப் பற்றிப் பேசுங்கள்.