தோவாளைப் பூவிலையும் கிளவுட் சேவையும்: செயலி எழுதுவோருக்கான விளக்கம்

(காட்சி: விடியலுக்கு முந்தைய தோவாளைப் பூச்சந்தை. கூடைகளில் பிச்சியும் அரளியும்.)

வணக்கம். தோவாளைச் சந்தையின் பூவிலையை நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள கடைக்காரர்களின் கைப்பேசிக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு செயலியை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அதிகாலைச் சில மணி நேரம்தான் அதற்கு வேலை. ஓணத்தை ஒட்டிய நாட்களிலோ கேரள வியாபாரிகள் வந்து குவிவதால், விலையைப் பார்க்க வருபவர்கள் பல மடங்கு பெருகுவார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்கும் சர்வரை விலைக்கு வாங்கினால் ஆண்டின் பெரும்பகுதி அது சும்மா கிடக்கும். சிறிய சர்வரை வாங்கினால் ஓணத்தின்போது செயலி படுத்துவிடும்.

இந்த இக்கட்டிலிருந்து விடுபட, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும், இணையம் வழியாகக் கணினியை வாடகைக்கு எடுக்கலாம். இதுவே கிளவுட் சேவை. 2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பையும், ஆகஸ்டில் ஈசி2 என்ற மெய்நிகர் கணினியையும் (பெரிய கணினி ஒன்றின் பகுதியைத் தனிக் கணினி போலத் தரும் சேவை) திறந்துவிட்டது. ஈசி2-வில் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது உங்கள் வேலை. 2008-இல் வந்த கூகுள் ஆப் எஞ்சின் அந்தச் சுமையையும் ஏற்றுக்கொண்டு, நிரலை மட்டும் கேட்டது. 2014-இல் அறிமுகமான அமேசானின் லேம்டாவில், கோரிக்கை வரும்போது மட்டும் நிரல் ஓடும். அந்த ஓட்டத்துக்கு மட்டுமே கட்டணம். நம் பூவிலைச் செயலிக்கு லேம்டா போன்ற சேவையே பொருத்தம் என்பது என் கருத்து. வேலை நேர்காணலில் கேட்கிறார்கள் என்பதற்காக, பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளை இவ்வளவு சிறிய செயலிக்குக் கொண்டுவர வேண்டாம்.

(காட்சி: பல குழாய்கள் ஒரே தொட்டியில் வந்து சேரும் வரைபடம்.)

இனி வருவதைச் சற்று நின்று கவனியுங்கள். கூட்டம் கூடும்போது லேம்டா நிரலின் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டித் தானாக விரியும்; ஆனால் அதன் பின்னால் விலைகளைச் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் அப்படி விரிவதில்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளையே ஏற்கும். லேம்டாவின் ஒவ்வொரு பிரதியும் தனக்கென ஓர் இணைப்பைத் திறந்தால், ஓணத்தின்போது டேட்டாபேஸ்தான் முதலில் திணறும். இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிலை மென்பொருளை வைப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, விலைப் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதை நினைவில் கொள்வது. விலை மாறும்போதெல்லாம் பட்டியலை ஒரு கோப்பாக எஸ்3-இல் எழுதி, சிடிஎன் (கோப்பின் நகலைப் பயனருக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைத்து வழங்கும் வலையமைப்பு) வழியாக வழங்கினால், ஆயிரக்கணக்கானோர் பார்த்தாலும் டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்து, ரீஜனை, அதாவது வாடகைக் கணினிகள் இருக்கும் ஊரை அல்லது பகுதியை, தேர்ந்தெடுப்பது. பயிற்சிப் பாடங்கள் பலவற்றில் அமெரிக்காவின் வர்ஜீனியா இருப்பதைப் பார்த்து அப்படியே வைத்துவிடாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நாகர்கோவிலிலிருந்து வர்ஜீனியா ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் என்பதால், கேள்வி போய் விடை வருவதற்கே குறைந்தது 140 மில்லிநொடி ஆகும். சுமார் 1,300 கிலோமீட்டரில் உள்ள மும்பைக்கு 13 மில்லிநொடி போதும். அமேசானின் மும்பை ரீஜன் 2016 முதல் இயங்குகிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூருக்குச் சென்னையிலும் ரீஜன் உண்டு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அலுவலக அறையில் சர்வர் வைத்திருந்தால் அதுவும் அணைந்திருக்கும். எஸ்3-இன் வழக்கமான சேமிப்பு, ஒவ்வொரு கோப்பையும் ஒன்றுக்கொன்று விலகியிருக்கும் குறைந்தது மூன்று கணினி வளாகத் தொகுதிகளில் வைத்திருக்கிறது. ஆயினும் இங்கே கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் அந்தப் பிரதிகளை நம்மால் எட்ட முடியாது. ஆகவே கடைசியாக வந்த விலையைக் கைப்பேசியிலேயே சேமித்துக் காட்டும்படி செயலியை எழுதுங்கள்.

(காட்சி: மாதக் கட்டணப் பக்கம்.)

கணக்கைத் திறந்த அன்றே செலவு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். அது உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் நீங்களாக அமைக்காத வரை எதையும் நிறுத்தாது. உங்கள் கிளவுட் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் போன்ற அணுகல் சாவியை நிரலோடு சேர்த்துப் பொதுவெளியில் ஏற்றிவிடாதீர்கள். அத்தகைய சாவிகளைத் தேடியெடுக்கவே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. சோதனைக்காகத் திறந்த ஈசி2 கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது. அதோடு இணைந்த வட்டுக்கு, அதை அழிக்கும் வரை கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.